மணிக்கணக்கு போதுமா?

"அனுபவமுள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்." ஆலை வாயிலில் இந்தப் பலகையைப் படித்துவிட்டு, வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று முணுமுணுத்தபடி வீடு திரும்பிய தோழர்கள் எத்தனை பேர்! அதே பலகை ஆகாயத்திலும் தொங்குகிறது.

அமெரிக்காவில் பயணி விமானக் கம்பெனியில் விமானியாகச் சேர 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது 2013 முதல் விதி. பட்டாளத்தில் பறந்தவர்க்கும் விமானக் கல்லூரியில் படித்தவர்க்கும் சிறிது சலுகை உண்டு. அதற்குமுன் துணை விமானிக்கு 250 மணி நேரமே போதுமானதாக இருந்தது.

ஏன் வந்தது இந்த விதி? 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நோக்கிச் சென்ற கோல்கன் கம்பெனி விமானம் ஒரு வீட்டின்மீது வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். மாண்டோரின் குடும்பத்தார் அழுதுவிட்டு அடங்கிவிடவில்லை. வாஷிங்டன் சென்று போராடினர். 2010இல் சட்டம் பிறந்தது.

ஆனால், அந்தத் தலைமை விமானி பறந்திருந்தது எத்தனை மணி நேரம் தெரியுமா? 3,300க்கும் மேல்! துணை விமானி 2,200க்கும் மேல்! புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் தாராளமாகத் தேறியிருப்பார்கள்.

பிறகு எங்கே வந்தது கோளாறு? வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்றால் கைப்பிடி கடகடவென்று நடுங்கி எச்சரிக்கும். உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டும். தலைமை விமானியோ கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். முன்பே பறப்புத் தேர்வுகளில் பலமுறை தவறியவர் அவர். எச்சரிக்கை வந்ததும் தப்புவதற்குத்தான் பயிற்சி இருந்தது. முழுக்க நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி அன்றைய பாடத்தில் இல்லை. அவருக்கு முந்தைய இரவு கழிந்தது கம்பெனி ஓய்வறையில். சொற்பச் சம்பளக்காரியான துணை விமானி, வேலைக்கு வருவதற்காகவே இரவெல்லாம் சியாட்டிலிலிருந்து வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்தவர். இதையெல்லாம் எந்த மணிக்கணக்கு காட்டும்?

அனுபவம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விதியை ஒழி என்று கூவும் கம்பெனிகளுக்கு வேண்டியது மலிவான ஆள்; அதையும் அறிவோம். ஆள் கிடைப்பது அரிதானபின் சிறு கம்பெனிகளிலும் தொடக்கச் சம்பளம் உயர்ந்ததே! விமானிகள் சங்கம் விதியைக் காத்து நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 1,500 எப்படிச் சேர்கிறது? கடன் வாங்கிப் படித்த பிள்ளை, தெளிந்த வானில், ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, சிறு விமானத்தில் மாணவனுக்குப் பாடம் சொல்லி மணியைக் கூட்டுகிறான். ஐரோப்பாவில் சுமார் 200 மணி நேரத்தோடு வருபவனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதிரிக் கூண்டில் வாட்டி எடுத்து, பழுத்த விமானியின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். இரண்டிலும் பயிற்சிச் செலவு பெரும்பாலும் பிள்ளையின் தலையில்தான்.

மணி கேட்கும் கம்பெனி, பயிற்சிச் செலவைத் தான் ஏற்குமா? தூங்க நேரமும், வேலை செய்யும் ஊரிலேயே குடியிருக்கத் தக்க சம்பளமும் தருமா? 2014இல் வந்த ஓய்வு விதியில் சரக்கு விமானிகளைச் சேர்க்காமல் விட்டார்களே! பெட்டிகளுக்குத் தூக்கம் வேண்டாம், ஓட்டுகிறவனுக்குமா?