திரைக்குப் பின்னால் இருப்பவரின் செல்லப்பிள்ளைகள்

தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களிடம் இராமனைப் பற்றிக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பற்றிக் கேட்டால் உடனே முகம் மலர்ந்துவிடும். வால்மீகியில் இல்லாத இருவர் இவர்கள். கம்பனிலும் இல்லை. ஆனாலும் பத்து இரவு இராமாயணத்தில் இவர்கள் தலைகாட்டாத இரவு அரிது. அடுத்த ஊரில் நல்லதங்காள் கதை என்றால் அங்கும் வந்துவிடுவார்கள். ஒருவரையொருவர் வைதுகொள்வார்கள், அடித்துக்கொள்வார்கள், உள்ளூர்ச் சமாச்சாரம் பேசுவார்கள், போய்விடுவார்கள். கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள், ஒரு வெள்ளைத் துணி, அதன் பின்னால் ஒரு விளக்கு. குடும்பத்தார் பாடவும் வாசிக்கவும் துணையிருக்க, திரைக்குப் பின்னால் ஒருவரே இராவணனாக உறுமுகிறார், சீதையாக அழுகிறார், அனுமனாகத் தாவுகிறார். இந்தக் கலையை வளர்த்தவர்கள் வீட்டில் மராத்தி பேசும் கணிகர் இனத்தார். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு தெற்கே நகர்ந்து மதுரைப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் பரவினார்கள். நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவர்களோடு பழகி, ஆட்டத்தையும் வாழ்க்கையையும் எழுதி வைத்திருக்காவிட்டால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது.

இராமாயணத்தில் இராமன் கதைக்குச் சொந்தம். இராவணனும் அப்படியே. கூத்தாடிக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்கவர்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மட்டும்தான். அப்பாவிடமிருந்து மகன் பாவையைப் பெறுகிறான், பாட்டைப் பெறுகிறான். ஆனால் இந்த இருவரின் பேச்சை ஒவ்வொருவரும் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நேற்றைய ஊரில் சிரித்த இடத்தில் இன்றைய ஊர் சிரிக்காது.

இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் திருவெறும்பூர்ப் பக்கத்துத் துவாக்குடி விடுதிகளிலும் கைலாசபுரத்துக் குடியிருப்பிலும் வளர்கிற பிள்ளைகளுக்குப் புதிய கதை விளையாட்டு ஒன்று பழக்கமாகி வருகிறது. அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு மூத்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். மலை, காடு, பகைவன், சத்திரக்காரன், வழிப்போக்கன் எல்லாம் அவர் குரலில் வர வேண்டும். யார் வென்றார், யார் விழுந்தார் என்பதை இருபது முகப் பகடை சொல்லும். குறிப்புகளை மற்றவர்கள் பார்க்காதபடி அந்த கேம் மாஸ்டர் தம் முன்னால் ஓர் அட்டைத் திரையை நிறுத்திக்கொள்கிறார். தோல்பாவைக் கூத்தாடியை அறிந்த எவருக்கும் அந்தத் திரை அந்நியமாகத் தெரியாது.

அந்த உலகத்திலும் செல்லப் பாத்திரங்கள் உண்டு. கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்தே மனத்தில் கட்டி வந்த கற்பனை நாட்டில் எல்மின்ஸ்டர் என்றொரு கிழ மந்திரவாதி இருக்கிறார். 1987இல் அந்த நாடு விளையாட்டு நூலாக அச்சேறியபோது எல்மின்ஸ்டரும் கூடவே உலகப் புகழ் பெற்றார். படைத்தவருக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆடுகிறவர்களுக்கோ ஒரு சங்கடம். இத்தனை வல்லமை உள்ளவர் பக்கத்திலேயே இருக்கும்போது நாங்கள் ஏன் வாளெடுக்க வேண்டும்? இந்த ஆட்டத்தைக் கெடுக்கும் பழக்கங்களில் முதன்மையானது இதுதான். கேம் மாஸ்டர் தாம் நேசிக்கும் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்; அதற்கு அறிவைக் கொடுக்கிறார், வலிமையைக் கொடுக்கிறார், கடைசியில் வெற்றியையும் கொடுத்துவிடுகிறார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பார்வையாளர்களாகி விடுகிறார்கள்.

நம் கூத்தாடிகள் இந்த இடத்தில் காட்டிய நிதானம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தம் செல்லப்பிள்ளைகளுக்கு அவர்கள் நாக்கை மட்டும் கொடுத்தார்கள், அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. உச்சிக்குடும்பன் அசோகவனத்துக்கு வெளியே நின்று எதை வேண்டுமானாலும் பேசலாம். சீதையை மீட்க முடியாது. போர்க்களத்தில் ஓடலாம், ஒளியலாம், புலம்பலாம். இந்திரஜித்தின் அம்பைத் தடுக்க முடியாது. அதனால்தான் அவன் எத்தனை முறை வந்தாலும் அலுப்பதில்லை. கதையில் எதையும் எடுத்துக்கொள்ளாதவனை யாரும் போ என்று சொல்வதில்லை. பெரியவர்களின் போரில் நசுங்கும் சாதாரண மனிதனின் இடம் அது. அந்த இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் பார்வையாளருக்கு இராவணன் எவ்வளவு பெரியவன் என்று தெரிகிறது. எங்கள் திருவெறும்பூர் மலைக்கோயிலின் தலபுராணத்திலும் அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பாகித்தான் சிவனிடம் ஏறிப் போகிறார்கள். தங்கள் உருவிலேயே போயிருந்தால் அந்தக் கதையை இத்தனை காலம் யார் சொல்லியிருப்பார்கள்?

மேசை விளையாட்டுக்கு இன்னும் நெருக்கமானவர் தெருக்கூத்தின் கட்டியங்காரன். தோல்பாவையில் எல்லாக் குரலும் ஒருவருடையது. தெருக்கூத்தில் எதிரே நிற்பவர் உயிருள்ள நடிகர். கட்டியங்காரன் முதலில் வந்து சபைக்கு வணக்கம் சொல்லிக் கதையை அறிவிக்கிறார். பிறகு திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் வரும்போது அவனை யாரென்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் துரியோதனன் தன்னைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியதாகிறது. அடுத்த காட்சியில் அவரே வாயில் காவலர், அதற்கடுத்து தூதர். விடியும்வரை களத்தில் இருக்கிறார். அரசனை அரசனாக்குவது அவர் கேட்கும் கேள்விதான். மேசை ஆட்டம் நடத்தும் இளைஞர்கள் இதைப் பயில வேண்டும். உங்கள் செல்லப் பாத்திரம் பதில் சொல்லப் பிறந்ததா, கேட்கப் பிறந்ததா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கேட்கப் பிறந்தது என்றால் எத்தனை வாரம் வேண்டுமானாலும் அழைத்து வரலாம்.

வருத்தம் ஒன்றும் உண்டு. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றோர் அச்சிட்ட பழைய கூத்து நூல்களைப் புரட்டினால் விருத்தமும் தருவும் வசனமும் ஒழுங்காக இருக்கின்றன. கட்டியங்காரன் பெயருக்கு நேரே சில வரிகள்தான். இரவெல்லாம் அவர் பேசியது அதில் இல்லை, இருக்கவும் முடியாது. தோல்பாவைக்கும் இதே கதி. பாவைகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். உச்சிக்குடும்பன் குரலை அங்கே கேட்க முடியாது. ஒரு கூத்தாடி இறக்கும்போது இராமாயணம் பிழைத்துக்கொள்கிறது. அவருடைய உச்சிக்குடும்பன் அவரோடு போய்விடுகிறான்.

கையில் கைபேசி இல்லாதவர் இன்று யார்? உங்கள் ஊரில் தெருக்கூத்தோ பாவைக்கூத்தோ நடந்தால், நாயகனின் பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து போகும் பகுதியையும், கட்டியங்காரனின் வாய்ப்பேச்சையும் கலைஞரின் ஒப்புதலோடு முழுதாகப் பதிந்து வையுங்கள். எழுத்தில் பெயர்த்து அனுப்பினால் பேச்சு வழக்கைத் திருத்தாமல், கொச்சையை நீக்காமல், ஊரும் ஆண்டும் கலைஞர் பெயரும் குறித்து வெளியிடுவோம். மேசை ஆட்டம் நடத்தும் நண்பர்கள் தமிழிலேயே ஆடிப் பார்த்து, தங்கள் சத்திரக்காரனும் வழிப்போக்கனும் என்ன பேசினார்கள் என்று எழுதினால் அவற்றுக்கும் அடுத்த இதழில் பக்கம் உண்டு.