நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த கமரா



"இந்த வயதில் படம் பிடிக்கப் பழகி என்ன செய்யப் போகிறோம், மிஸ்?" ஹட்டனில் நடந்த எமது மகளிர் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பம் அவருடையது. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, காணாமற்போன மகனின் ஒரு படம்கூட அவரிடம் இருக்கவில்லை. முகம் தெளிவில்லாத அடையாள அட்டைப் பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவருடைய கேள்விக்குப் பதில் எமது பொகவந்தலாவையிலேயே இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள் ஆலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1863 இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவே அவருடைய முதற் கமரா. கோழிக் கூண்டைப் படம் பிடிக்கும் அறையாகவும், கரி அறையைப் படம் கழுவும் இருட்டறையாகவும் மாற்றித் தாமாகவே பழகினார். இன்று உலகம் போற்றும் புகைப்படக் கலைஞர்களில் அவர் ஒருவர். 1875 இல் இலங்கைக்கு வந்தவர், 1879 இல் இங்கேயே காலமானார்.

பழக விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது அவர் 1874 இல் எழுதிய 'அனல்ஸ் ஒஃப் மை கிளாஸ் ஹவுஸ்' என்ற சிறு நினைவுக் குறிப்பை. முதல் படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டதை அதில் ஒளிக்காமல் சொல்கிறார். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிரயன் பீற்றர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. ஒளியின் கணக்கை விளக்கும் நூல் இது. எமது பீலியில் வாளி நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு பெருக்காக விழுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறோம், வாளி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தே அது நிரம்பும். கமராவிலும் துவாரத்தின் அளவு, அது திறந்திருக்கும் நேரம், ஒளியை உணரும் திறன் என்ற மூன்றும்தான் கணக்கு.

மூன்றாவது, எமது நாட்டுக் கலைஞர் லயனல் வென்ட்டின் படங்கள். 1944 இல் அவர் மறைந்த பின், 1950 இல் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' என்ற நூலாக வந்தன. கறுப்பு வெள்ளையில் நிழல் என்ன வேலை செய்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே பழகலாம். பழைய தமிழ்ச் சஞ்சிகைகளில் எம்மவர் படங்களைப் பார்க்க நூலகம் இணையத்தளம் உண்டு. கட்டணம் இல்லை.

புத்தகம் கிடைக்காவிட்டாலும் லயக் காம்பிராவின் வாசல் போதும். கைத்தொலைபேசியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடையுங்கள். கதவைத் திறந்து, ஒருவரை வாசலுக்குச் சற்று உள்ளே, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி அமர்த்துங்கள். திரையில் அவர் முகத்தைத் தொட்டுவிட்டுப் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம்.

இன்னுமொன்று. கமரன் அம்மையார் இலங்கையில் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். அவருடைய ஆங்கில நண்பர்களின் பெயர்கள் எமக்குத் தெரியும். தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் தெரியாது. யுத்த காலத்தில் எம்மையும் பலர் படம் பிடித்தார்கள். பெயர் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஆகவே, படம் பிடிக்குமுன் சம்மதம் கேளுங்கள். பிரதி எடுத்து, பின்புறத்தில் பெயர், ஊர், திகதி எழுதுங்கள். ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு வீடு அழிந்தாலும் முகம் அழியாது.

கேள்வி கேட்ட அந்த அம்மா, அடுத்த கூட்டத்துக்குப் பேத்தியின் படத்தோடு வந்தார். சற்று ஆடிப்போன படம்தான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பின்புறத்தில் பேத்தியே தன் பெயரை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "பிடித்தவர்: அம்மம்மா" என்று இருந்தது.

இம்மாதம் நீங்களும் உங்கள் வாசலில் ஒரு படம் பிடித்துப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.