ஸ்டடி சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும்

2023 உலகக் கோப்பையில் ரச்சின் ரவீந்திரா இங்கிலாந்தை அடித்து நொறுக்கி 123 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றாரே, அதற்கு மறுநாள் காலை சித்தூர் மெசானிக்கல் கிரவுண்டில் வாக்கிங் வரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் நியூசிலாந்து என்ற பேர் வரவில்லை. "நம்ம பையன் சார்" என்றார் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். அப்பா அம்மா பெங்களூர்க்காரர்கள். பையன் அனந்தபூர் ஆர்.டி.டி. மைதானத்தில் வந்து பயிற்சி எடுத்தவர். அப்படியானால் ராயலசீமாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று பேச்சு போனது.

அவரோ, இந்திய வேர் பெருமைதான், ஆனால் நான் முழுக்க நியூசிலாந்துக்காரன் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. வெலிங்டனில் பிறந்து வளர்ந்தவர், அனந்தபூருக்கு வந்ததே தன் ஊர் ஹட் ஹாக்ஸ் கிளப்போடுதான். 2021 கான்பூர் டெஸ்டில் அவரும் மும்பையில் பிறந்த அஜாஸ் படேலும் கடைசி விக்கெட்டுக்கு 52 பந்துகளைக் கட்டை போட்டு நம் கைக்கு வந்த வெற்றியைப் பறித்தபோது "நம்ம பையன்" என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சதம் அடித்தால் மட்டும் ரத்தம் பேசுகிறது.

அரசுப் பள்ளியில் பி.இ.டி. சாராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சித்தூர் இங்கே ஆந்திராவிலேயே நின்றது. அங்கே வாக்கப்பட்ட எங்கள் அத்தை ஒரே ராத்திரியில் வெளிமாநிலத்துக்காரி ஆனாள். அதனால் யார் எந்த ஊர் என்ற பேச்சு எடுத்தாலே எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் எங்கள் மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அரசு வேலைக்கு 'லோக்கல்' யார் என்று 1975 குடியரசுத் தலைவர் ஆணை சொல்கிறது: தேர்வு எழுதிய வருஷம் முடிய, தொடர்ந்து நான்கு வருஷம் எந்தப் பகுதியில் படித்தானோ அதுதான் அவனுக்கு லோக்கல். தாய்மொழி என்ன, தாத்தா எந்த ஊர் என்று கேட்பதில்லை. பள்ளி ரெஜிஸ்டரைப் புரட்டி ஸ்டடி சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கும்போதெல்லாம், பிள்ளையை எடைபோட இதைவிட நியாயமான தராசு இல்லை என்றே எனக்குத் தோன்றியிருக்கிறது.

நாட்டு அணி என்று வந்தால் நம் தராசு பாஸ்போர்ட் ஒன்றுதான். 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் கொண்டுவந்த விதி அது. விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், 2003 முதல் நமக்காக டேவிஸ் கோப்பை ஆடியவர். அவருக்கும் அதோடு கதவு சாத்தப்பட்டது. ஒரு ஸ்குவாஷ் வீரர் கோர்ட்டுக்குப் போனார். விதி செல்லும் என்று 2010இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வளர்ந்த ஆட்களுக்கு இது பொருந்தும் என்பதே என் கட்சி. இசுமி அராதா ஜப்பானில் பிறந்தவர், அப்பா குஜராத்தி. இங்கே வந்து பல வருஷம் கிளப் ஆடி, ஜப்பான் குடியுரிமையை உதறிவிட்டு 2013இல் இந்திய ஜெர்சி போட்டார். பெங்களூரு எஃப்.சி.யின் ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நம்முடையதை வாங்கினார். வேண்டுமென்றால் இப்படி ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். தாத்தா பேரைச் சொல்லி இரண்டு கையிலும் லட்டு கேட்பவர்களுக்காக விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன்.

என் வழக்கு பிள்ளைகளைப் பற்றியது. திருப்பதி ஸ்ரீனிவாசா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் என்னிடம் ஷட்டில் பழகும் ஒரு பெண் நியூ ஜெர்சியில் பிறந்தவள். இரண்டு வயதில் குடும்பம் திரும்பி வந்துவிட்டது. நெட்டில் அடித்தால் தன்னைத்தானே தெலுங்கில் திட்டிக்கொள்வாள். என்னிடம் சண்டை போட மட்டும் தமிழ். ராக்கெட் கைப்பிடிக்கு அவள் பாட்டி பழைய காட்டன் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள், வேர்வையில் நழுவாமல் இருக்க. பீரோவில் இருப்பதோ அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) கார்டும். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் அந்த வழியில் தானாகக் குடியுரிமை கேட்க 18 வயது நிரம்ப வேண்டும். கார்டு வாங்கி ஐந்து வருஷமும், இங்கே குடியிருந்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். ஷட்டிலில் ஜூனியர் என்பதே 19க்குள். மனு மேஜை மேஜையாக நகர்ந்து முடிவதற்குள் அவள் ஜூனியர் ஆட்டம் முடிந்துபோயிருக்கும். எங்கள் 'லோக்கல்' கணக்குப்படி அவள் அச்சு அசல் திருப்பதிப் பெண்.

இவளுக்கே இப்படி என்றால், இங்கேயே பிறந்த பிள்ளைகள் கதை இன்னும் மோசம். முன்பு ஒருமுறை எங்கள் வாலிபால் டீமைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போயிருந்தோம். எதிர் டீமில் ஒல்லியாக ஒரு பையன் எங்கள் பிளாக்குக்கு மேலே ஏறி ஏறி அடித்தான். எந்த ஊர் தம்பி என்றேன். "முகாம் சார்" என்றான். அந்த ஊர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பே போதும், இந்தியன். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் கோர்ட் ஏறிப் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த முகாம் தம்பி தங்கைகளுக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ரச்சினை நம்ம பையன் என்று கொண்டாடும் நாடு, தமிழ்நாட்டுச் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவனை யார் என்று கேட்கிறது.

புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவிலேயே, சிறப்புக் காரணம் இருந்தால் எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறது. நான்கைந்து வருஷம் இங்கே படித்ததற்கு ஸ்டடி சர்டிபிகேட்டும், மாநில அளவில் ஆடியதற்கு மெரிட் சர்டிபிகேட்டும் இருந்தால் அதையே சிறப்புக் காரணமாக ஏற்கலாம். விளையாட்டு அமைச்சகம் உள்துறைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினால் ஆரம்பித்துவிடலாம். இரட்டைக் குடியுரிமை நம்மிடம் கிடையாது, ஆகவே அமெரிக்கப் பாஸ்போர்ட்டை விடுவதா என்று அந்தக் குடும்பங்கள் உட்கார்ந்து யோசிக்கட்டும். மனுக்களை எடுக்கும்போது முதலில் முகாம் பிள்ளைகளுடையதை எடுக்க வேண்டும். என் ஷட்டில் பெண் வரிசையில் பின்னால் நிற்கலாம், அவளுக்குப் போக இன்னொரு நாடாவது இருக்கிறது.