பல்லைப் பார்த்துப் பழி சொல்ல முன்



நம் ஊரில் ஒருவரின் பல் பழுதாகிப் போனால் தீர்ப்பு உடனே வந்துவிடும். "ஒழுங்காப் பல்லுத் தீட்டுறல்ல." "இனிப்பைக் குறைச்சாத்தானே." "சுத்தம் காணாது." விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை. அதுவும் அவர் ஒரு பெண் என்றால் தீர்ப்பு இன்னும் கடுமையாக வரும்.

பல் சூத்தையாவதற்குப் பெரும்பாலும் சீனியும் கவனக்குறைவும்தான் காரணம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பல் தீட்டி, இனிப்பையும் குறைத்த பிறகும் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரிசையாகப் பற்களை இழப்பவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நோய் தொடங்கியது பல்லில் அல்ல, உமிழ்நீரில். இதைத்தான் இன்று எழுத விரும்புகிறோம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகச் சொந்த உறுப்புகளைத் தாக்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். முடக்குவாதமும் லூபஸும் அந்த வகைதான். அதே குடும்பத்தைச் சேர்ந்தது ஷோக்ரன் நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933 இல் கண்ணும் வாயும் வறண்டுபோன 19 பெண்களைப் பற்றித் தனது ஆய்வில் எழுதினார். அவருடைய பெயரே நோய்க்கு வந்தது. இதில் எதிர்ப்புச் சக்தி கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிறது. இந்நோய் உள்ள பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயதினர். தனியாகவும் வரும், முடக்குவாதமோ லூபஸோ உள்ளவர்களுக்குச் சேர்ந்தும் வரும்.

உமிழ்நீர் குறைந்தால் பல்லுக்கு என்ன? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம். நாம் சாப்பிடும் சீனியையும் மாவையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பிஎச் அளவு 5.5 இற்குக் கீழே போனால் பல்லின் வெளி ஓடு கரையத் தொடங்கும். சுகதேகியின் வாயில் ஒவ்வொரு நாளும் அரை லீற்றருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அது அமிலத்தைத் தணிக்கிறது, மிச்சம் மீதியைக் கழுவுகிறது, கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் கொண்டுவந்து கரைந்த இடத்தைத் திருத்துகிறது. பிரஷ் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் வேலை செய்யும். உமிழ்நீர் இரவும் பகலும் வேலை செய்யும். அந்த வேலையாள் இல்லாத வாயில் பிரஷ் மட்டும் தனியே என்ன செய்யும்?

அதனால்தான் இவர்களுடைய பல் சாதாரணமாகப் பழுதாகாத இடங்களில் பழுதாகிறது. முரசை ஒட்டிய ஓரம், முன்பற்களின் நுனி, பல்லின் வேர்ப்பகுதி என்று சுற்றிச் சுற்றி அரிக்கிறது. அடைத்த பல்லிலும் அடைப்பைச் சுற்றி மறுபடி சூத்தை வருகிறது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. வாய் காய்கிறது என்று இவர்கள் இஞ்சி டொபியை வாயில் அடக்கிக்கொள்வார்கள். சீனி போட்ட பிளேன்டீயை மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடிப்பார்கள். வாய் நனையும்தான், ஆனால் அமிலமும் நாள் முழுக்க நிற்கும். பார்ப்பவர்களுக்கு "இனிப்புப் பைத்தியம்" என்று தெரியும். உண்மையில் அது வறட்சிக்குத் தேடிய மருந்து.

இந்த நோயாளியை வெளியில் இருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து ஷால் நுனியால் வாயை மறைத்துக்கொண்டு பேசும் தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தால் மற்றவர்களின் வேகத்துக்கு இவரால் சாப்பிட முடியாது. ஒவ்வொரு பிடிக்கும் தண்ணீர் வேண்டும். "ஏன் ராத்தா, சாப்பாடு புடிக்கல்லையா?" என்று கேட்பார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார். பல்லோடு சேர்ந்து சிரிப்பும் போகிறது, பிறகு ஆட்களோடு சேர்ந்திருப்பதும் போகிறது. உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011 இல்தான் தனக்கு இந்நோய் இருப்பதாக வெளியே சொன்னார். வருடக்கணக்காக அறிகுறிகள் இருந்தும் நோயின் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறார். எத்தனையோ வைத்தியர்களைப் பார்க்க வசதியுள்ள ஒருவருக்கே அப்படியென்றால் நம் ஊர்த் தாய்மாரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

"எல்லாத்தையும் கழட்டிப்போட்டு செட் ஒண்டு போடுங்க" என்பதுதான் நம் ஊரின் வழமையான ஆலோசனை. நல்ல மனதோடு செட்டுக்குக் காசு தரும் தனவந்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொய்ப்பல் செட் முரசில் ஒட்டி நிற்பதற்கும் உமிழ்நீர் வேண்டும். வறண்ட வாயில் அது வழுகும், உரசும், புண்ணாக்கும். கடைசியில் அலுமாரிக்குள் போய்விடும். அதனால் இவர்களுக்குச் சொந்தப் பல்லைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அது கடைசிப் பல் ஆடும்போது தொடங்கும் வேலையல்ல.

ஆகவே மூன்று விடயங்களை வலியுறுத்துகிறோம்.

முதலாவது, வீட்டில் பழி சொல்வதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். உங்கள் உம்மாவிடமோ ராத்தாவிடமோ கேளுங்கள்: தண்ணீர் இல்லாமல் ஒரு கிறீம் கிறக்கர் பிஸ்கட்டை விழுங்க முடிகிறதா? இரவில் வாய் காய்ந்து எழும்புகிறீர்களா? கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? மூட்டு நோவும் தீராத களைப்பும் இருக்கிறதா? காதுக்குக் கீழே கன்னம் அடிக்கடி வீங்குகிறதா? இவற்றில் சில மாதக்கணக்காக இருந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வாய் வறட்சி எல்லாம் ஷோக்ரன் அல்ல. கட்டுப்பாடில்லாத சீனி வருத்தத்தாலும் வரும். தடிமனுக்கும் அலர்ஜிக்கும் போடும் சில குளிசைகள், மன அழுத்தத்துக்கான சில குளிசைகள் என்பவற்றாலும் வரும். எது என்று இரத்தப் பரிசோதனை, கண்ணீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் உதட்டில் எடுக்கும் சிறு திசுப் பரிசோதனை ஆகியவற்றின் மூலம் வைத்தியர் பார்ப்பார். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கன்னத்து வீக்கம் குறையாமல் நின்றால் தாமதிக்கவே வேண்டாம், ஏனென்றால் இந்நோயாளிகளில் சிறு தொகையினருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.

இரண்டாவது, மூட்டு வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர் பல் பகுதிக்கும் போக வேண்டும். ஒரே வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி ஒரு கட்டடத்திலும் பல் துண்டு இன்னொரு கட்டடத்திலும் இருக்கும், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்நோய் இருப்பதாகத் தெரிந்த அன்றே பல் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது வழமையாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. வழமையாகும்வரை நீங்களே கொப்பியைக் கொண்டுபோய்ப் பல் வைத்தியரிடம் நீட்டுங்கள். "வாய் காயுது, எனக்கு இந்த வருத்தம் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லில் பூசும் புளோரைட் வார்னிஷ், கூடிய புளோரைட் உள்ள பேஸ்ட், உமிழ்நீரைத் தூண்டும் மருந்து என்று அவர் தீர்மானிக்க வேண்டியவை பல உண்டு. அரச வைத்தியசாலைகளில் பல் பகுதி இலவசம். சிக்கலானவற்றை அங்கிருந்து பேராதனை, கொழும்பு போதனா பல் வைத்தியசாலைகளுக்கு அனுப்பலாம்.

வீட்டிலும் செய்யக் கூடியவை இருக்கின்றன. புளோரைட் உள்ள பேஸ்ட்டால் இரண்டு நேரம் தீட்டுங்கள். சில மூலிகைப் பேஸ்ட்களில் புளோரைட் இருக்காது, பெட்டியை வாசித்து வாங்குங்கள். இரவில் தீட்டிய பின் துப்பிவிட்டு அப்படியே படுங்கள், பேஸ்ட்டைத் தண்ணீரால் கழுவிவிட வேண்டாம். டொபிக்குப் பதில் சீனியில்லாத சுவிங்கம். இனிப்புத் தேநீருக்குப் பதில் பச்சைத் தண்ணீர், மிடறு மிடறாக.

நோன்பு காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வறண்ட வாயோடு பதினான்கு மணித்தியாலம் இருப்பது இவர்களுக்குச் சாதாரண தாகம் அல்ல. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அது தனக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடமும் மார்க்கம் அறிந்தவரிடமும் கேட்டு முடிவெடுக்கும் உரிமை அவருடையது. அவர் நோன்பு விட்டால் ஏன் என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்கத் தேவையில்லை. நோன்பு பிடிப்பவர் இப்தாரில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் எடுத்த பின் வாயை நன்றாகக் கொப்பளிக்கட்டும், ஸஹருக்குப் பின் பல் தீட்டட்டும்.

மூன்றாவது, நாங்கள் ஆசிரியர்கள் செய்ய வேண்டியது. ஆரம்பப் பிரிவில் நகம் பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். பல் சுத்தத்தை ஒழுக்கப் பாடமாக மட்டும் நடத்தினால், பழுதான பல் உள்ளவர் ஒழுக்கம் குறைந்தவர் என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் உம்மாவின் வாயைப் பார்க்கும். பல் தீட்டுவதைப் படிப்பிக்கும் அதே பாடத்தில் உமிழ்நீரின் வேலையையும் படிப்பியுங்கள். சிலருக்கு அது சுரப்பதில்லை, அது அவர்களின் குற்றமல்ல என்ற ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை.

இதை வாசிக்கும் யாராவது இப்போதும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பவராக இருந்தால், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பல் போனது உங்கள் சோம்பலால் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். இந்தக் கிழமையே கொப்பியை எடுத்துக்கொண்டு பல் பகுதிக்குப் போங்கள். தனியே போகக் கூச்சமென்றால் மகளையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சமிருக்கும் பற்களை இன்ஷா அல்லாஹ் காப்பாற்றிக்கொள்ளலாம்.