படத்துக்குச் சமைத்த சாப்பாடு

யூரியூபில் பிஸ்னஸ் கிளாஸ் ரிவியூ பார்க்காத ஆள் எங்கட வட்டத்தில இருக்க மாட்டினம் என்று நினைக்கிறேன். அந்த ரிக்கெற் வாங்க வழியில்லாத நாங்கள்தான் அதைக் கூடுதலாகப் பார்க்கிறது. எல்லா வீடியோவும் ஒரே அச்சு. வெள்ளைத் துணி விரிக்கிறது, குட்டி உப்புக் குடுவையைத் தூக்கிக் காட்டுறது, பீங்கானுக்கு மேல கமராவை ஒரு சுற்றுச் சுற்றுறது, ஒரு வாய், ஒரு தலையாட்டல், பத்துக்கு ஒன்பது புள்ளி. அந்த ஒரு வாய்க்குப் பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டாரா இல்லையா என்று ஒருத்தரும் காட்டுறதில்லை. எனக்கு அந்த மிச்சத்தைப் பற்றித்தான் கதைக்க வேணும்.

இரவு முழுக்கப் பறக்கிற நீண்ட தூர விமானங்களில், பிஸ்னஸ் கிளாசில் குடுக்கிற சாப்பாடு பெரும்பாலும் கூடாத சாப்பாடு. சாமான் மலிவு என்பதால் இல்லை. நல்ல இறைச்சி, நல்ல மீன், நல்ல சீஸ் எல்லாம்தான் வாங்கினம். ஆனால் அது அந்த உயரத்தில, அந்த நேரத்தில, அந்த வாய்க்காகச் சமைக்கப்படுவதில்லை. ஒரு படத்துக்காகச் சமைக்கப்படுகிறது.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீங்கள். ஒரே ஒரு தடவைதான். அண்ணா தன்ர கிரெடிட் கார்ட் பொயின்ற்ஸ் முழுவதையும் வழிச்சுத் துடைச்சு, ரொறன்ரோவில் இருந்து அம்மாவும் நானும் திரும்பி வர பிஸ்னஸ் கிளாஸ் எடுத்துத் தந்தான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், காலை நீட்டிப் படுக்க வேணும். அதோட சீனி வருத்தமும். இராச் சாப்பாட்டுக்கு முதல் குளிசை போட வேணும், போட்டால் சாப்பிட வேணும். விமானம் இரவு பத்தரைக்கு வெளிக்கிட்டது. வளைகுடா நகரம் ஒன்று வரைக்கும் 12 மணித்தியாலத்துக்கு மேல ஓட்டம்.

பன்னிரண்டு மணி போல மேசைத்துணி வந்தது. பிறகு சூடாக்கின கஜு. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு ஒரு சின்னப் பீங்கானில ஏதோ இலையும், பீற்றூட் துண்டு மூன்றும், அதுக்கு மேல சொட்டுச் சொட்டாக ஏதோ. அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, இதுதானோ சாப்பாடு?" எண்டா. இல்லையம்மா, இன்னும் வரும். மெயின் வரேக்க ஒரு மணி கழிஞ்சிட்டுது. மரக்கறி கேட்டதுக்கு, கீரையும் சீஸும் உள்ளுக்கு வச்ச பாஸ்தா. ஓரம் காய்ஞ்சு தோல் மாதிரி, நடுவில நாக்கைச் சுடுகிற சூடு, மேல வெள்ளைக் கிரீம். அம்மா இரண்டு கரண்டி எடுத்தா. "வடிவா இருக்கு, சாப்பிடத்தான் ஏலாது" எண்டா. மேசையை மடிக்காமல் கதிரையைப் படுக்கையாக்க முடியாது. பீங்கானை எடுக்க ஆள் வரும் வரைக்கும் அந்த மனுசி இருந்தபடியே தூங்கி விழுந்தா. அண்ணாவின்ர பொயின்ற்ஸ் எல்லாம் அந்தப் படுக்கைக்காகத்தான் போனது.

பிறகு ஹாண்ட்பாக்கைத் திறந்து, அண்ணி ஃபொயிலில சுற்றித் தந்த தோசையையும் இடிச்ச சம்பலையும் எடுத்தா. ஆறிப்போன தோசை. எனக்கும் பாதி தந்தா. அந்த இரவு முழுக்க எனக்கு ருசி தெரிஞ்ச சாப்பாடு அது ஒன்றுதான்.

இது "அம்மா கைப்பக்குவம்" கதை இல்லை. முதலாவது, அது அண்ணியின்ர சமையல். இரண்டாவது, இதுக்கு விளக்கம் இருக்கு. பறக்கேக்க விமானத்துக்குள்ள வச்சிருக்கிற காற்றழுத்தம், கடல்மட்டத்தில இருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில இருக்கிற அளவு. நுவரெலியாவுக்கும் பீதுருதாலகாலை உச்சிக்கும் இடையில எங்கேயோ இருந்து சாப்பிடுகிற மாதிரி. ஆனால் நுவரெலியாவின்ர ஈரக்காற்று இல்லை. ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழ, பாலைவனம் மாதிரி. மூக்கு காய்ஞ்சு போகும். மூக்கு வேலை செய்யாவிட்டால் நாக்கு அரைக் குருடு, தடிமன் வந்த எல்லாருக்கும் தெரியும். 2010 இல ஜேர்மனியில பிரவுன்ஹோபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக இதைச் சோதிச்சுப் பார்த்தது. பழைய விமான உடல் ஒன்றைக் காற்றழுத்தம் குறைக்கிற கூடத்துக்குள்ள வச்சு, ஆட்களை இருத்திச் சாப்பிடக் குடுத்தவை. உப்பும் இனிப்பும் மங்கிப் போச்சு. சரக்குத்தூள் வாசம், இஞ்சி, ஏலக்காய் மாதிரியானவை அவ்வளவு அடிபடவில்லை. 2015 இல கோர்ணெல் பல்கலைக்கழகத்தில செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: விமானத்துக்குள்ள கேட்கிற அளவு இரைச்சலில இனிப்பு குறையும், உமாமி கூடும். உமாமி என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தக்காளி, காளான், சோயா, மாசி, பழுத்த சீஸ் இதுகளில இருக்கிற அந்தச் சாறுச் சுவைதான். தரையில தக்காளி ஜூஸைத் தொட்டும் பார்க்காத சனம் விமானத்தில அதைக் கேட்டுக் குடிக்கிறது இதாலதான்.

இப்ப அந்தக் கிரீம் பாஸ்தாவை நினைச்சுப் பாருங்கோ. மங்கிப் போகிற சுவைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த சாப்பாடு. சம்பலில செத்தல் மிளகாய், புளி, வெங்காயம். ஏன் வென்றது என்று விளங்குதுதானே.

விமானக் கம்பனிகளுக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். அந்த ஆய்வைக் காசு குடுத்துச் செய்விச்சதே அவைதான். 2011 இல பிரிட்டிஷ் எயார்வேஸ் ஹெஸ்டன் புளூமெந்தாலைக் கூப்பிட்டு இதே பிரச்சினையை ரீவியில வச்சுக் கதைச்சது. அந்தாளும் உமாமியைத்தான் பிடிச்சார். தெரிஞ்சும் மெனு அட்டையில என்ன? மாட்டிறைச்சி ஃபிலே, வெண்ணெய்ச் சோஸ், அஸ்பரகஸ்.

எனக்கு உண்மையாக் கோபம் வருகிற இடம் இந்த ஃபிலேதான். விமானத்தில நெருப்பு இல்லை. தரையில சமைச்சு, உடன குளிராக்கி, குளிரிலேயே ஏற்றி, மேல ஓவனில திரும்பச் சூடாக்கித்தான் தருவினம். இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. 1975 பெப்ரவரியில ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் ஒன்றில, விரலில புண் இருந்த சமையல்காரர் ஒருவர் தொட்ட ஹாமும் ஒம்லெற்றும் மணிக்கணக்கில குளிரில்லாமல் கிடந்து, காலைச் சாப்பாடாகப் பரிமாறப்பட்டு, கோப்பன்ஹேகனில இறங்கேக்க 140 பேருக்கு மேல வைத்தியசாலைக்குப் போனவை. ஆகவே குளிர் வேணும். இரண்டு தரம் சூடாக்கத்தான் வேணும். சரி. இரண்டு தரம் சூடாக்கினால் நாசமாப் போகிற சாப்பாடு எது? ஸ்டேக், மெல்லிய மீன் துண்டு, ஒம்லெற், பச்சையாக அவிச்ச மரக்கறி. இரண்டாம் தரம் சூடாக்கினால் நல்லா வருகிறது எது? குழம்பு. அடுத்த நாள் மீன்குழம்பின்ர ருசியைப் பற்றி இந்தத் தீவில யாருக்காவது வகுப்பு எடுக்க வேணுமா? பருப்பு, பிரட்டல், சூப், புரியாணி, பிரெஞ்சுக்காரர் வைனில மணிக்கணக்கா வேகவிடுகிற இறைச்சி, ஜப்பான்காரற்ற மிசோ, மலேசிய றெண்டாங். ஒவ்வொரு நாட்டிலயும் இருக்கு. இதுகளைத்தான் விமானச் சமையலின்ர நடுவில வச்சிருக்க வேணும். ஆனால் இதுகள் வடிவில்லை. மண்ணிறம். கிண்ணத்துக்குள்ள கிடக்கும். படத்தில எடுபடாது.

என்ர சித்தி ஒருத்தி ஹீத்ரோவுக்குப் பக்கத்தில விமானச் சாப்பாடு அடுக்கிற இடத்தில பதினொரு வருசம் வேலை செய்தவ. குளிர் அறைக்குள்ள, இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு. அவ சொல்லுறது: சுவரில ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு படம் ஒட்டியிருக்கும், பக்கத்தில தராசு. தக்காளி எந்தப் பக்கம், இலை எந்தப் பக்கம், எத்தனை கிராம், எல்லாம் படத்தில இருக்கிற மாதிரி வர வேணும். "ருசி பாக்கிறது எங்கட வேலை இல்லை, படத்தைப் பாக்கிறதுதான் வேலை." நான் "படத்துக்குச் சமைக்கினம்" என்று சொன்னது உவமை இல்லை, விளங்குதா.

அந்தப் படத்துக்கு மேல ஒரு பேரும் வேணும். குவாண்டஸ் 1997 இல நீல் பெரியைப் பிடிச்சது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 1998 இல உலகப் பிரபலச் சமையற்காரர்களைச் சேர்த்து ஒரு குழுவே அமைச்சது. துருக்கி விமானத்தில வெள்ளைத் தொப்பி போட்ட ஆளே தட்டோட வாறார். தொப்பி போட்டால் நெருப்பு வந்திடுமா? இவை எல்லாரும் திறமைசாலிகள்தான், அதில சந்தேகமில்லை. ஆனால் அட்டையில பேர் இருக்கிற ஆள் உங்கட சாப்பாட்டைத் தொட்டதில்லை. தொட்ட ஆளுக்கு அட்டையில பேரில்லை. அந்தக் கைகள் யாருடையவை என்று உலகத்துக்கு ஒருக்காத் தெரிய வந்தது: 2005 ஓகஸ்டில, ஹீத்ரோவில பிரிட்டிஷ் எயார்வேஸுக்குச் சாப்பாடு வழங்கின கேற் குர்மே நிறுவனம் 600க்கு மேற்பட்ட வேலையாட்களை ஒரேயடியாக நிப்பாட்டினபோது. அவர்களில பெரும்பகுதி சவுத்ஹோல் பக்கத்துத் தென்னாசியப் பெண்கள். அவைக்கு ஆதரவாக விமான நிலைய ஊழியர்களும் வேலையை விட்டு வெளியில வர, விமானங்கள் நூற்றுக்கணக்கில நின்றுபோச்சு. பருப்புக்குத் தாளிக்கிறது எப்பிடி என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய பெண்கள், அஸ்பரகஸைக் கிராம் கணக்கில நிறுத்துக்கொண்டு நின்றிருக்கினம். அந்தக் கூடத்தில இருந்த சமையலறிவில பாதியை யாராவது கேட்டிருந்தால், மேல போகிற சாப்பாடு இப்பிடியா இருந்திருக்கும்?

கறியே இல்லை என்று சொல்லேலாது, இருக்கு. "ஆசிய மரக்கறி" என்று முற்கூட்டியே சொல்லி எடுக்கிற விசேட சாப்பாடு. அடிக்கடி பறக்கிற வெள்ளைக்காரர் கனபேர் இரகசியமா அதைத்தான் கேட்டு எடுக்கினம். அந்த உயரத்துக்கு உண்மையாகப் பொருந்துகிற சாப்பாட்டை "விசேடம்" என்று ஓரத்தில தள்ளிவிட்டு, பொருந்தாததை நடுவில வச்சிருக்கினம்.

நேரக் கணக்கு இன்னும் மோசம். நியூயோர்க்கில இருந்து லண்டனுக்கு இரவு விமானம் ஏழு மணித்தியாலம்கூட இல்லை. வெளிக்கிட்டு மூன்று கோர்ஸ் முடியவே இரண்டு மணித்தியாலம். இறங்க ஒன்றரை மணித்தியாலத்துக்கு முதல் லைற்றைப் போட்டு, ரப்பர் ஒம்லெற். இடையில மூன்று சொச்சம் மணித்தியாலம் நித்திரை. மனுசர் படுக்கைக்கு மூன்று மடங்கு, நாலு மடங்கு காசு குடுத்திருக்கினம், நீங்கள் அவைக்குக் கல்யாணப் பந்தி வைக்கிறீங்கள். இதைத் திருத்த ஏலாது என்றும் இல்லை. சில கம்பனிகள் நியூயோர்க்கில ஏற முதலே லவுஞ்சில, நெருப்பில சமைச்ச சாப்பாட்டைத் தந்து, மேல நித்திரை கொள்ள விடுகினம். கட்டார் எயார்வேஸில பிஸ்னஸ் கிளாஸ்காரர் பசிக்கிற நேரத்தில கேட்டுச் சாப்பிடலாம். அது சரியான வழி. எல்லா இரவு விமானத்திலயும் அதுதான் வழமையா இருக்க வேணும்: ஏற முதல் சாப்பாடு, மேல ஒரு கிண்ணம் சூப்போ சோறும் கறியுமோ கேட்ட நேரத்துக்கு, விடியப் பழமும் நல்ல தேத்தண்ணியும்.

"மச்சான், நாட்டில கனபேருக்கு மூன்று வேளை சாப்பாடு இல்லை, நீ பிஸ்னஸ் கிளாஸ் பாஸ்தாவுக்கு அழுகிறாய்" என்று இதை வாசிச்ச நண்பன் ஒருத்தன் சொன்னான். நியாயமான ஏச்சு. ஆனால் அந்தச் சீற்றில இருக்கிறது எல்லாம் கம்பனி முதலாளி என்று நினைக்கிறது பிழை. எங்கட சனத்தில பாதி கடலுக்கு அப்பால. முழங்கால் ஏலாத அம்மா அப்பாவைப் பிள்ளைகள் பொயின்ற்ஸ் சேர்த்து, கடன்பட்டு, ஒருக்கா அனுப்பி வைக்குதுகள். அந்த ஒரு இரவில குளிசை போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது அந்த அம்மாதான். மற்றது, பின்னால இருக்கிற எக்கொனமித் தட்டும் பெரும்பாலும் அதே சமையல்கூடத்தில இருந்து அதே குளிர் லொறியிலதான் வருது. முன்னால இவ்வளவு காசுக்கே வாய்க்காகச் சமைக்காதவை, பின்னால சமைப்பினமா?

விடிய, இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கேக்க, அம்மாவைத் தட்டி எழுப்பி ஒம்லெற் வேணுமா என்று கேட்டவை. "நோ தாங்ஸ் பிள்ளை, பிளேன்ரீ இருக்கோ?" எண்டா. பிளேன்ரீ வந்தது, வெள்ளைத் துணியில, பக்கத்தில ஒரு சின்னப் பூவோட.

இந்தத் தளத்துக்கு விமானச் சாப்பாட்டு ரிவியூ எழுதி அனுப்புகிற ஆக்களுக்கு ஒன்று. சாப்பிட முதல் எடுத்த படம் வேண்டாம். பீங்கானைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகேக்க எடுத்த படத்தை அனுப்புங்கோ.