கல்லின் சுவையா, தாகத்தின் கணக்கா?



இன்றைய பதிவு ஒயினைப் பற்றியது. "சாருக்கு என்ன ஆயிற்று?" என்று யாரும் பதற வேண்டாம். நான் தொட்டதுமில்லை, யாரையும் தொடச் சொல்லவுமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் "மத்திய தரைக்கடல் காலநிலை" என்ற பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்புகிறீர்கள். கூடவே, "சார், இந்த மண்ணில் இருக்கும் கல்லின் சுவை அப்படியே ஒயினில் இறங்குகிறதாம்" என்று வழிகாட்டி சொன்னதையும் எழுதுகிறீர்கள். அந்த வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பாடத்தைத் திரும்பிப் பார்ப்போம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நீங்கள் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். "கோடை வறட்சி, குளிர்கால மழை. விளைபொருள்கள்: ஆலிவ், திராட்சை, ஆரஞ்சு." கோடையில் துணை வெப்ப மண்டல உயர் அழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து அந்தக் கடலின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, மேகம் கூடுவதில்லை. குளிர்காலத்தில் அது தெற்கே விலக, அட்லாண்டிக்கிலிருந்து மேலைக் காற்றுகள் மழையைக் கொண்டுவருகின்றன. இவ்வளவும் சரியாக எழுதுவீர்கள். ஆனால் ஒரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்டதில்லை. திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குகிறது. ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பிஞ்சு பிடித்து, செப்டம்பரில் பழுக்கிறது. அதாவது, மழை பெய்யும்போது கொடிக்குத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் வேண்டும்போது மழை இல்லை. அப்படியானால் அது எதைக் குடித்துப் பழம் தருகிறது?

மண் சேமித்து வைத்ததை. இந்த ஒரு பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

கல்லின் சுவை ஒயினில் இறங்குகிறது என்பதை நிலவியலாளர்களே மறுக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்த்வித் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பாறையைக் கொடி அப்படியே உறிஞ்ச முடியாது. நீரில் கரைந்த மிகச் சிறிதளவு சத்துகளைத்தான் வேர் எடுக்கும். அதிலும் ஒயினில் மிஞ்சுவது, நாக்கு அறிய முடியாத அளவு. சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது சுண்ணாம்பாக ருசிக்காது. எரிமலை மண்ணில் விளைந்தது கந்தகமாக மணக்காது.

அப்படியானால் மண் ஒன்றும் செய்யவில்லையா? நிறையச் செய்கிறது. அது சமையல்காரர் வேலை பார்க்கவில்லை, ரேஷன் கடைக்காரர் வேலை பார்க்கிறது. குளிர்கால மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் எவ்வளவு, எப்போது, எந்த ஆழத்தில் கொடுப்பது என்று அளந்து போடுகிறது. தாராளமாகத் தண்ணீர் கிடைத்த கொடி இலையும் கிளையுமாகப் படரும். பழம் பெருத்து, சாறு நீர்த்துப்போகும். அளவான தாகத்தில் வளர்ந்த கொடியோ இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பழத்தைக் கவனிக்கும். பழம் சிறிதாக இருக்கும். சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பகுதி தோலில்தான் இருக்கின்றன. தாகம் எல்லை மீறினாலும் ஆபத்துதான். இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், பழுப்பது பாதியில் நின்றுவிடும். ஆக, நல்ல மண் என்பது கொடியைப் பட்டினி போடாமல், அளவோடு பசிக்க வைப்பது.

தென் பிரான்சில் ரோன் நதிக்கரையில் ஷாத்தோநெஃப் டு பாப் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தோட்டத்தில் மண்ணே தெரியாது. உள்ளங்கை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள் பரந்து கிடக்கும். ஆல்ப்ஸ் பக்கமிருந்து நதி பல்லாயிரம் ஆண்டுகள் உருட்டிக் கொண்டுவந்தவை. பகல் வெப்பத்தைக் கல் இரவில் திருப்பிக் கொடுக்கிறது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கற்கள் அடியில் இருக்கும் களிமண்ணுக்கு மூடி போல இருந்து, ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன. மேலே மிஸ்ட்ரல் என்ற வடகாற்று வீசிக் கொடியை உலர்த்துவதால் பூஞ்சை நோயும் குறைவு.

ஆனால் அதே ஊரில் ராயாஸ் என்ற புகழ்பெற்ற தோட்டத்தில் அந்தக் கற்கள் கிடையாது. மணல்தான், சுற்றிலும் மரக்காடு. ரகம் அதே கிரெனாஷ் திராட்சை. கற்காட்டில் விளைவது பொதுவாக அடர்த்தியாகவும் காரமாகவும் இருக்க, ராயாஸ் ஒயின் வெளிர்நிறமும் நறுமணமுமாக இருக்கும் என்று அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஊர், ஒரே ரகம், ஒரே வானம். வேறுபடுவது தண்ணீரும் வெப்பமும் கொடிக்கு வந்து சேரும் விதம். இதை வகுப்பில் சொல்ல வாய்த்திருந்தால் கடைசி பெஞ்சும் விழித்திருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த உதாரணம் கிரேக்கத்தின் சான்டோரினித் தீவு. வெள்ளை வீடும் நீலக் குவிமாடமுமாகக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதியே கடலுக்குள் போயிற்று. மிஞ்சிய நிலத்தின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மீட்டர் கணக்கில் படிந்தன. அங்கே ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் சென்னைக்கு ஏறத்தாழ 1,400. ஆறும் இல்லை. கோடை முழுவதும் பலத்த வடகாற்று.

அந்த மக்கள் என்ன செய்தார்கள்? பந்தல் போடவில்லை. கொடியைத் தரையிலேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னி, கூடை போல வளர்த்தார்கள். காற்று கூடையின் மேலே போய்விடும். பழம் உள்ளே நிழலில் தொங்கும். இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தைத் துளைகள் நிறைந்த நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கொடிக்கும் கொடிக்கும் இடைவெளி அதிகம். இருக்கும் சொற்ப நீருக்குப் போட்டி கூடாதே. கூடை முதுமை அடைந்து காய்ப்பு குறைந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, அதே வேரிலிருந்து புதிய தளிரை விட்டு மறுபடி பின்னுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கொடியைவிட மண்ணுக்குள் இருக்கும் வேருக்குத்தான் வயது அதிகம்.

இன்னொரு செய்தி. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. இன்றும் ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவையே. ஆனால் களிமண் ஏறக்குறைய இல்லாத சான்டோரினியில் அந்தப் பூச்சியால் வாழ முடியவில்லை. அங்கே கொடி இன்றும் தன் சொந்த வேரில் நிற்கிறது. அந்த மண்ணில் பொட்டாசியமும் குறைவு. அதனால் அவ்வளவு வெயிலிலும் அசிர்ட்டிகோ என்ற அந்தத் தீவின் ரகத்தில் புளிப்பு குலையாமல் நிற்கிறது. மண் கொடுத்ததைவிட, கொடுக்காமல் விட்டது அந்த ஒயினைச் செய்திருக்கிறது.

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே பான்டெல்லேரியா என்று இன்னொரு எரிமலைத் தீவு. அங்கே காற்றுக்குப் பயந்து குழி தோண்டி, அதற்குள் குட்டைச் செடியாகத் திராட்சையை வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பு முறையை யுனெஸ்கோ 2014-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் வளர்ப்பது ஸிபிப்போ என்னும் ரகம். உலகம் அதை அலெக்ஸாண்டிரியா மஸ்கட் என்று அழைக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, ஹாம்பர்க் மஸ்கட் என்ற ரகம். மரபணு ஆய்வுப்படி அது அந்த அலெக்ஸாண்டிரியா மஸ்கட்டின் பிள்ளை. தாய் வீட்டில் குழிக்குள் ஒடுங்கி, ஆண்டுக்கு ஒருமுறை காய்த்து, வெயிலில் உலர்ந்து இனிப்பு ஒயினாகிறது. பிள்ளை இங்கே பந்தலில் படர்ந்து, முல்லைப் பெரியாற்று நீர் குடித்து, குளிர்காலத் தூக்கமே இல்லாமல் ஆண்டில் பலமுறை காய்த்து, நம் வீட்டுத் தட்டுக்கு வருகிறது. இரண்டும் நல்லவைதான். நிலமும் வானமும் குடும்பத்தையே எப்படி மாற்றுகின்றன பாருங்கள்.

இனி, என்னை எழுத வைத்த கவலைக்கு வருகிறேன். இந்தக் கணக்கு இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது. 2019 ஜூன் 28 அன்று தென் பிரான்சின் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்த வட்டாரத்தில் பல தோட்டங்களில் இலையும் பிஞ்சும் நெருப்பு பட்டதுபோல் கருகின. வெப்பம் கூடினால் பழத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு சீக்கிரம் இறங்கும். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. தென் பிரான்சில் முன்பு 12, 13 சதவீதமாக இருந்தது இன்று 14, 15 என்று நிற்கிறது. ஸ்பெயினின் காட்டலோனியாவில் அண்மைய வறட்சியில் பழைய கொடிகளே பட்டுப்போயின.

"சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். பிரான்சில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு பெற்ற தோட்டங்களுக்கு நீர் பாய்ச்ச நீண்ட காலம் கடுமையான கட்டுப்பாடு இருந்தது; 2006 முதல் தளர்த்தினார்கள். சாகும் கொடிக்குத் தண்ணீர் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். விவசாயி வயிற்றில் அடித்து எந்தப் பெருமையும் வேண்டாம். ஆனால் விளைச்சலைக் கூட்டுவதற்காக ஆண்டுதோறும் குழாயைத் திறந்துவிட்டால் வேர் ஆழம் போகாது, மேலேயே சோம்பிக் கிடக்கும். பிறகு எந்த மண்ணாக இருந்தால் என்ன? ஊர்ப் பெயர் மட்டும் பாட்டிலில் மிஞ்சும். அதோடு, அந்தத் தண்ணீர் ஊர்க் குடிநீரிலிருந்தும்தான் வரவேண்டும்.

என் கருத்து இதுதான். நிலத்தின் எல்லையையும் நீர்ச் சிக்கனத்தையும் விதிகள் கண்டிப்பாகக் காக்கட்டும். எந்த ரகத்தை நடுவது என்பதில் தளரட்டும். காட்டலோனியாவில் டோரஸ் குடும்பத்தார் 1980-களிலிருந்து மறந்துபோன பழைய ரகங்களைத் தேடி மீட்டு, வெப்பம் தாங்குபவற்றை நட்டுவருகிறார்கள். அதுதான் வழி. இன்னொன்று: சான்டோரினியில் திராட்சை நிலம் விடுதிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் இடம் விட்டுச் சுருங்கிக்கொண்டே வருகிறது. சொட்டு நீர் பாய்ச்சாமல் விளைவிக்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் அறிவு, உலகமே தண்ணீருக்குத் தவிக்கப் போகும் காலத்தில் அழியலாமா? விடுதியை எங்கும் கட்டலாம். அந்த வேரை எங்கும் வாங்க முடியாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பகிர்ந்து மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் குறியீடு என்பது அட்டைப் பெட்டியில் ஒட்டும் வில்லை மட்டுமல்ல. அந்த மண்ணையும் ஆற்றையும் கெடாமல் வைத்திருப்போம் என்று நாம் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. ஊரின் பெயரை விற்கிறவர்கள் ஊரின் நிலத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்கள், அங்கேயும் இங்கேயும்.

தோட்டத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளும், அந்த நாடுகளில் வசிக்கும் பிள்ளைகளும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாறுபட்ட கருத்து இருந்தாலும் தயங்க வேண்டாம். வகுப்பில் கேட்கத் தயங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் ஆசிரியர்