மீதி முக்கால் எங்கே?

கல்வி என்பது ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கு இறங்கி வருவது என்பது நம்மிற் பலரின் எண்ணம். அவ்வெண்ணம் பாதியளவு கூட உண்மையன்று, காற்பங்கே உண்மை என்று நம் இலக்கண நூல் ஒன்று கணக்கிட்டே சொல்கிறது. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையை விரித்துரைக்கின்றது. ஆசான் உரைத்ததை எத்துணைக் கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கன் அடைவது புலமையில் காற்பங்கு. உடன்பயில்வாரோடு கூடிப் பயில்வதால் இன்னொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இதுவே அந்நூல் தரும் கணக்கின் சாரம்.

இக்கணக்கை நம் மேல்நிலைப் பள்ளிகளின் இன்றைய நடைமுறையோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். காற்பங்கிற்கே நாம் கட்டணமும் காலமும் கவலையும் முழுவதாகச் செலவிடுகிறோம். வகுப்பறைக்குப் பின் தனிப்பயிற்சி, தனிப்பயிற்சிக்குப் பின் தேர்வுத் தொடர் என்று ஆசான் உரைப்பதையே இருமுறை மும்முறை கேட்க ஏற்பாடு செய்கிறோம். மீதி முக்காற்பங்கிற்கு வீட்டிலும் இடமில்லை, பள்ளியிலும் நேரமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாடந்தோறும் ஒருவர்க்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ளும் பழக்கத்தை மீண்டும் ஊன்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

போட்டி வளர்த்த மௌனம்

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978 இல் தொடங்கப் பெற்றது. அதன் முதற் பொதுத்தேர்வு 1980 இல் நிகழ்ந்தது. அதற்கு முன் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், பின் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. புதிய முறையில் பதினேழு வயதுப் பிள்ளையின் வருங்காலம் ஒரு மார்ச்சுத் திங்களில் முடிவாகும் நிலை ஏற்பட்டது. 1200 மதிப்பெண் என்னும் எண் வீடுதோறும் உச்சரிக்கப் பெற்றது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்னும் பட்டியல்கள் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தை அணி செய்தன. அப்பட்டியலில் இடம்பெற்ற ஒருவரைப் பாராட்டினோம். ஆயின், அப்பட்டியலின் நிழலில் வளர்ந்த மனப்பான்மையைக் கவனியாது விட்டோம். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவன் தோழன் அல்லன், போட்டியாளன் என்னும் எண்ணமே அம்மனப்பான்மை. தயாரித்த குறிப்புகளை மறைத்து வைத்தலும், கேட்டால் தெரியாது என்று கூறலும் அதன் விளைவுகள்.

2017 இல் அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. 2019 ஆம் ஆண்டுத் தேர்வு முதல் 1200 என்பது 600 ஆகக் குறைந்தது. பட்டியல் நின்றது, எண் சுருங்கியது, மனப்பான்மை மட்டும் மாறவில்லை. 2017 முதல் மருத்துவப் படிப்பிற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு கட்டாயமான பிறகு, பயிற்சி நிலையத்திற்குப் பணம் செலுத்த இயன்றவர்க்கும் இயலாதவர்க்கும் இடையே உள்ள தொலைவு கூடிற்று. வசதி படைத்தவன் விலைகொடுத்து வாங்கும் உதவியை வசதியற்றவன் எங்கே பெறுவான்? பக்கத்து இருக்கையில்தான் பெற வேண்டும். அந்த இருக்கையும் மௌனம் காத்தால் அவனுக்குப் புகலிடம் இல்லை.

விளக்குபவனுக்கே முதற் பயன்

பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தால் தன் நேரம் வீணாகும் என்று நன்கு படிக்கும் மாணவன் அஞ்சுகிறான். பெற்றோரும் அவ்வாறே அஞ்சுகின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

கணிதத்தில் தொகையிடல் பாடம். அடுக்குடன் ஒன்றைக் கூட்டுக, கூட்டி வந்த எண்ணால் வகுக்க என்னும் விதியை மாணவன் மனப்பாடமாக அறிவான். எக்ஸின் அடுக்கு மைனஸ் ஒன்று என வரும்போது மட்டும் விடை மடக்கையாக மாறுவதையும் அறிவான். 'ஏன் இங்கு மட்டும் விதி மாறுகிறது?' என்று அருகிலிருப்பவன் கேட்கிறான். சொல்லித் தருபவன் ஒரு கணம் திகைக்கிறான். தானும் அதனை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதே அவனுக்குத் தெரிகிறது. விதியைக் கையாண்டு பார்க்கிறான். மைனஸ் ஒன்றுடன் ஒன்றைக் கூட்டினால் பூச்சியம், பூச்சியத்தால் வகுத்தல் இயலாது. ஆகவே அவ்விதி அவ்விடத்தில் செல்லாது. கேட்டவன் ஒரு விடையைப் பெற்றான். சொன்னவனோ ஒரு விதியின் எல்லையையே பெற்றான். இருவருள் மிகுதியாகப் பெற்றவர் யார்?

கணக்குப் பதிவியலில் இன்னொரு வினா. உரிமையாளர் போட்ட முதல், அவருடைய சொத்துத்தானே? அஃது ஏன் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகளின் பக்கத்தில் எழுதப்படுகிறது? கடைக்காரர் வீட்டுப் பிள்ளையே இதில் தடுமாறுவதுண்டு. வணிகம் வேறு, உரிமையாளர் வேறு எனக் கொள்வதே கணக்கியலின் அடிப்படை. அம்முதலை வணிகம் அவருக்குத் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ளது. இதனை ஒரு தோழன் அவனுடைய தந்தையின் கடையையே சான்றாக வைத்து விளக்கினால், பாடநூலின் பத்து வரிகள் செய்யாததை அவ்வொரு சான்று செய்துவிடும்.

தமிழில் அலகிடுதல் என்றாலே அஞ்சும் மாணவர் உளர். அவரவர் பெயரையே அலகிடச் சொன்னால் அச்சம் நகையாக மாறும். 'பாத்திமா' என்பதில் 'பாத்' நேரசை, 'திமா' நிரையசை, ஆகவே கூவிளம். 'கதீஜா' என்பதில் 'கதீ' நிரை, 'ஜா' நேர், ஆகவே புளிமா. 'இப்ராஹீம்' மூன்றும் நேராய் வந்து தேமாங்காய் ஆகும். தன் பெயருக்குள்ளேயே ஒரு வாய்பாடு இருப்பதைக் கண்ட மாணவி அதனைத் தேர்வறையில் மறப்பாளோ? வடமாவட்டங்களில் உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகள் பலர் கணிதத்தில் வல்லவராய் இருந்தும் தமிழ்த் தாளில் தயங்குவதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அவர்களுக்கு யாப்பைச் சொல்லித் தந்து, அவர்களிடமிருந்து கணிதத்தைப் பெற்றுக்கொள்ளும் தோழமை இரு வீட்டாருக்கும் இலாபமே. பாடங்கள் வேறுபடுவதாலேயே கொடுக்கல் வாங்கல் நிகழ்கிறது. எல்லாப் பாடத்திலும் வல்லவன் அரியன். ஒரு பாடத்திலும் எதுவும் அறியாதவனோ அவனினும் அரியன்.

சென்னை உலகிற்கு அளித்த முறை

ஒரு மாணவன் மற்றொரு மாணவனுக்குக் கற்பிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தறிவித்தான். 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது உதவியாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். அம்முயற்சி வெற்றி பெற்றது. தாயகம் திரும்பிய பின் 1797 இல் அதுபற்றி அவர் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரிலேயே அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்கப்படுகிறது.

இவ்வரலாற்றில் பெருமை மட்டுமன்றி எச்சரிக்கையும் உண்டு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகக் கற்பிக்கும் வழியாகவே அம்முறை அங்குப் பயன்பட்டது. மனப்பாடமே மிகுந்தது. காலப்போக்கில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே தேவை என்பது உணரப்பட்டு அம்முறை மறைந்தது. ஆதலின் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் ஒருவர்க்கொருவர் உதவுவது ஆசிரியருக்கு மாற்றாகாது. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் 'பிள்ளைகள் தமக்குள் படித்துக்கொள்வார்கள்' என்று நிருவாகம் கைகழுவுமானால், அது நன்னூல் கூறிய முதற் காற்பங்கையே பறிப்பதாகும். முதற்கால் இன்றி மற்ற முக்கால் நில்லாது.

உதவியும் ஏமாற்றும்

உதவி என்பதற்கும் ஏமாற்று என்பதற்கும் இடையிலுள்ள வரம்பையும் மாணவர் அறிதல் வேண்டும். செய்முறைப் பதிவேட்டை முழுவதுமாக எழுதிக் கொடுத்தல் உதவியன்று. விடைத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு ஓய்தலும் உதவியன்று. தேர்வறையில் விடை காட்டுதல் நட்பின் பெயரால் செய்யப்படும் தீங்கு. விடையைக் கொடுப்பவன் தோழனை அன்றைக்கு மட்டும் காப்பாற்றுகிறான். வழியைக் காட்டுபவனோ மறுநாளும் அவன் தனித்து நிற்க வகை செய்கிறான். 'நீ எந்த இடம் வரை வந்தாய், எங்கே நின்றாய்?' என்று கேட்பதே நல்ல துணையின் முதல் வினா. அவ்வினாவிற்கு விடை கூற இயலாதவன் இன்னும் முயலவில்லை என்பது பொருள்.

பிழையான விடையே குழு முழுவதும் பரவுமே என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். நியாயமான ஐயமே. நால்வரும் ஒத்துக்கொண்டனர் என்பதனால் ஒரு விடை சரியாகிவிடாது. ஆகவே, முடிவு காணாத வினாக்களையும் கருத்து வேறுபட்ட விடைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் காட்டித் தெளிதல் வேண்டும். அக்குறிப்பேடு ஆசிரியருக்கும் பயன்படும். தம் வகுப்பு எங்கே இடறுகிறது என்பதை அது அவருக்குக் காட்டிவிடும்.

செய்யத்தக்கன

மாணவச் செல்வங்களே! நால்வர் கூடுங்கள். நால்வரும் ஒரே பாடத்தில் வல்லவராய் இராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். ஒருவர் விளக்க, மற்றவர் கேட்க, முறை மாற்றிக் கொள்ளுங்கள். மெலிந்தவனும் ஏதேனும் ஒன்றை விளக்கியே தீர வேண்டும். என்றும் கேட்பவனாகவே இருப்பவன் தன்னை இரவலனாக எண்ணிக் குழுவை விட்டு ஒதுங்கிவிடுவான். ஒரு மதிப்பெண் வினாக்களை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுதல், ஐந்து மதிப்பெண் விடையை எழுதித் தாள் மாற்றித் திருத்துதல் ஆகிய இரண்டுமே பணச்செலவில்லாத பயிற்சிகள்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பு முழுவதும் அமைதியாய் இருத்தலே ஒழுங்கு என்னும் கருத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவர் பேசிப் படிக்க ஒதுக்குங்கள். தங்கள் உழைப்பு அதனால் குறையாது. பயன் மட்டும் பெருகும்.

சமுதாயப் பெரியோர்களே! தங்களிடம் வேண்டுவன இரண்டு. முதலாவது, இடம். பிள்ளைகள் பலரின் வீடுகளில் ஓர் அறையில் ஐவர் வாழ்கின்றனர். ஜமாஅத்தின் கூடமும் திருமண மண்டபமும் நிகழ்ச்சியில்லா நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. சனவரி முதல் மார்ச்சு வரை மாலை வேளைகளில் அவற்றைத் திறந்து, ஒரு கரும்பலகையும் போதிய வெளிச்சமும் குடிநீரும் அளித்தல் பெரிய செலவன்று. பெண்மக்களுக்குத் தனி இடமும், இருட்டுமுன் வீடு திரும்ப ஏற்ற நேரமும் வகுத்தளித்தல் மிக இன்றியமையாதது. ஆண்பிள்ளைகள் தெருமுனையில் நின்றேனும் ஐயம் கேட்டுக்கொள்வர். பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இரண்டாவது, பரிசு. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பொன்னாடையும் கேடயமும் வழங்குகிறோம். அது தொடரட்டும். அதனுடன் இன்னொரு பரிசையும் வையுங்கள். சேர்ந்து படித்த நால்வருள் ஒருவரும் தவறாது தேர்ச்சி பெற்ற குழுவிற்கு அப்பரிசு உரியதாகட்டும். ஒரே பாடத்தில் தவறிய காரணத்தால் படிப்பை விட்டுக் கடைக்கும், கடல்கடந்த கூலிவேலைக்கும், முதிராத திருமணத்திற்கும் செல்லும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். துணைத்தேர்வு எழுதித் தேறலாம் என்று சொல்லவும், அருகமர்ந்து அப்பாடத்தைச் சொல்லித் தரவும் ஒருவர் இல்லாமையாலேயே அவர்களுட் பலர் திரும்புவதில்லை. முதலிடம் பெற்றவனுக்கு நாம் தரும் கேடயம் அவர்களை மீட்காது. அவர்களோடு படித்த தோழனுக்கு நாம் தரும் மதிப்பு மீட்கக் கூடும்.

அறிவு, கொடுக்கக் கொடுக்கக் குறையும் பொருளன்று என்பதை மேடைதோறும் சொல்லி வருகிறோம். அதனை மெய்ப்பிக்கும் இடம் மேடையன்று, பன்னிரண்டாம் வகுப்பின் பின்வரிசையே. அங்கே ஒருவன் விளங்காது விழிக்கிறான். அவனருகே விளங்கியவன் ஒருவன் இருக்கிறான். இருவரும் பேசத் தொடங்கினால், நன்னூலார் சொன்ன மீதி முக்கால் அவ்விருவர்க்கும் கிட்டும்.